நோயாளியின் பெயர்

நெடுவாக்குடி தியாகராசனிடம் ரகசியம் சொன்னவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. காலையில் அவர் காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் அது கூத்தாநல்லூர் கடைத்தெரு தாண்டி மன்னார்குடி வரைக்கும் போய்விடும். கெட்ட மனது என்று சொல்லிவிட முடியாது. குரல் அப்படி. வரப்பில் நின்று பேசிப் பேசியே வளர்ந்த குரல். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் மூன்று வயல் தள்ளி நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஊரில் அவருக்குத் 'தண்டோரா' என்றுதான் பெயர். மகன் பரணிதரன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றதை டீக்கடையில் தானே அறிவித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "ஊர் பூரா யாருடா சொன்னது?" என்று சத்தம் போட்ட மனிதர்.

மடத்து நிலம் பன்னிரண்டு மா குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். ஐம்பத்தெட்டு வயது. மனைவி ஆனந்தவல்லி. அவர் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள். அந்த ஒன்று அவருடைய பத்தையும் அடித்துவிடும். "மைக்கைக் கொஞ்சம் அணைங்க, காது வலிக்குது" என்பாள். முப்பத்தோரு வருஷம் இப்படியே ஓடிற்று. பிள்ளை சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். சண்டை, சமாதானம், சம்பா, குறுவை என்று எதையும் எவருக்கும் மறைக்க வேண்டியில்லாத வாழ்க்கை.

இந்த மனிதர் தலையில்தான் ஒரு ரகசியம் வந்து விழுந்தது. அதுவும் எப்படிப்பட்ட ரகசியம்!

புரட்டாசியில் ஆனந்தவல்லிக்கு வயிற்றுவலி விடாமல் இருந்தது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், கடைசிக் கட்டம், ஈரலுக்கும் போய்விட்டது என்றார். கத்தி வைத்துப் பிரயோசனமில்லை, மருந்து ஏற்றினால் இந்த உடம்பு தாங்காது. "வலிக்கு மாத்திரை தர்றேன். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க. சாப்பாடு எறங்குற வரைக்கும் பயமில்ல. அது நின்னுட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

வெளியே நாற்காலியில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆனந்தவல்லி. உறையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். "என்னவாம்?" என்றாள்.

"வயித்துப் புண்ணாம். நேரத்துக்குச் சாப்பிடாம கெடந்தா வராதா பின்ன?" என்றார் தியாகராசன். வாழ்நாளில் அவர் ஒழுங்காகச் சொன்ன முதல் பொய்.

ஏன் சொன்னார் என்றால், ஆனந்தவல்லியின் அக்கா செங்கமலத்துக்கும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே நோய்தான். அங்கே எல்லோரும் நியாயமானவர்கள். அவளிடமே நேராகச் சொல்லிவிட்டார்கள். சொன்ன நாளிலிருந்து செங்கமலம் சோற்றைத் தொடவில்லை. ஆறு மாதம் இருப்பாள் என்று டாக்டர் சொன்னவள் இருபதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த ஆனந்தவல்லி சொன்னது தியாகராசனுக்கு நன்றாக நினைவிருந்தது: "நோயி கொல்லல. அந்தப் பேரச் சொல்லிக் கொன்னுட்டாங்க." அந்தப் பெயர் இவள் காதில் விழக்கூடாது. அவ்வளவுதான். உயிரைக் கொடுத்தாவது அதை மட்டும் தடுத்துவிட வேண்டும் என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்துகொண்டார்.

ஆனால் ஆள் தண்டோரா ஆயிற்றே. தனியாகத் தூக்கிச் சுமக்க முடியவில்லை. டீக்கடையில் சொன்னார், நடவு ஆட்களிடம் சொன்னார், பேருந்து நடத்துனரிடம் சொன்னார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அழுதார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு ரகசியம் காப்பாற்றச் சொன்ன ஒரே ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஊர் காப்பாற்றியது! ஊர்வம்புக்கென்றே பிறந்தவர்கள் கூட வாயைத் திறக்கவில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். "என்னக்கா, வயித்துப்புண்ணு தேவலையா? மணத்தக்காளி சாப்பிடுங்க" என்று நடித்தார்கள்.

கூத்தாநல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீல் பாய் ஒருபடி மேலே போனார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வைத்துக் கூகிளில் தேடிப் பார்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உண்டல்லவா? அதனால் ஒவ்வொரு மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்துப் பழைய ஜெலுசில் டப்பாவில் போட்டுக் கொடுப்பார். "அண்ணிக்கு இத வயித்துப்புண்ணு மாத்திரைன்னே குடுங்க. அல்லாஹ் இருக்கான்" என்பார். கடையில் கூட்டமிருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிரிப்பார்.

ஆனந்தவல்லியும் மாத்திரையைப் போட்டாள். வலி அடங்கிற்று. மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். கெண்டை மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாளும் உண்டு. ஒவ்வொரு கவளமும் அவள் தொண்டையில் இறங்குவதைத் தியாகராசன் கதவு மறைவில் நின்று பார்ப்பார்.

இனி தியாகராசனின் செல்போனுக்கு வருவோம்.

டாக்டர் கைவிரித்துவிட்டார் என்பதை அவர் மனது ஒப்பவில்லை. உலகத்தில் எங்காவது ஒரு மருந்து இருக்காதா? ஐப்பசி முதல் வாரம், நட்ட வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில், பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து போனிடம் கேட்க ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்தாலும் விரல் ஓடாது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசுவார். "கணையப் புற்றுநோய் குணமாகுமா?" "கடைசிக் கட்டம்னா எத்தன மாசம் இருப்பாங்க?" "சாப்பாடு எறங்கலைன்னா என்ன செய்யணும்?" ஊருக்கே கேட்கும் அந்தக் குரலை வாழ்நாளில் முதன்முறையாக அடக்கி, வாயில் துண்டை வைத்துக்கொண்டு கேட்டார். வயலில் கொக்கைத் தவிர ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு பக்கம் கிடைத்தது. ஏதோ பெரிய ஊர் ஆஸ்பத்திரி. கடைசிக் கட்டத்துக்கும் சிகிச்சை உண்டு, படிவத்தை நிரப்பினால் நிபுணர் இலவசமாக ஆலோசனை சொல்வார் என்று போட்டிருந்தது. பக்கம் திறந்ததுமே அடியிலிருந்து ஒரு பெட்டி எழும்பிப் பாதித் திரையை மறைத்தது. குக்கீ அது இது என்று என்னென்னவோ எழுதியிருந்தது. பச்சை நிறத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, 'அனைத்தையும் ஏற்கிறேன்'. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். பெண்டாட்டி கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று துடிக்கிறவன் எதை அழுத்துவான்? பச்சையைத்தான் அழுத்தினார். அழுத்தட்டும் என்றுதானே அதை அந்த அகலத்துக்கு வைத்திருக்கிறார்கள்!

படிவத்தின் முதல் கட்டம், 'நோயாளியின் பெயர்'.

'ஆன' என்று இரண்டு எழுத்து அடித்தவருக்குக் கை நின்றுவிட்டது. அழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார். அந்தப் பக்கத்து வீடுகளில் இந்த நோயின் பெயரை வாய்விட்டே சொல்ல மாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள், 'கெட்ட கட்டி' என்பார்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதுவதா? எழுதினால் இல்லாதது கூட உறுதியாகிவிடும் போல் இருந்தது அவருக்கு. கடைசியில் தன் பெயரைப் போட்டார். தியாகராசன், ஐம்பத்தெட்டு, ஆண். கணையம். நான்காம் நிலை. கீழே தன் போன் நம்பர். "வந்தா எனக்கு வந்துட்டுப் போவட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். மனதில் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி கூட இருந்தது, பாவம்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நிபுணர் எவரும் பேசவில்லை. விளம்பரம்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து மழை வருமா என்று வானிலை வீடியோ போட்டார். எப்போதும்போல முழுச் சத்தம். எதிரே ஆனந்தவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கணையப் புற்றுநோயா? கலங்க வேண்டா..." என்று ஒரு பெண்குரல் கணீரென்று ஆரம்பித்தது. தியாகராசன் போனை நெஞ்சோடு அடித்து மூடினார்.

"என்னது அது?" என்றாள்.

"புயல் சின்னமாம். நாகப்பட்டினம் பக்கம்."

அதோடு விடவில்லை. நெல் விலை பார்த்தால் அது, உரம் பற்றிப் படித்தால் அது, பேரூர் மாரியம்மன் தேர் பார்த்தால் தேருக்கு முன்னால் அது. உச்சந்தலை மொட்டையான பெண்ணுக்குப் பொய்முடி, கசப்பில்லாத சத்துமாவு, நாற்பது நாளில் கட்டியைக் கரைக்கும் லேகியம். கூடவே, 'உங்களுக்குப் பிறகு உங்கள் குடும்பம்?' என்று ஒரு காப்பீட்டுக்காரன் வேறு. நாசமாய்ப் போகிறவர்களே, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பொம்பளையைக் காப்பாற்றுகிறது, உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வாய்? விளம்பரத்தின் மூலையில் 'ஏன் இந்த விளம்பரம்?' என்று சின்னதாய் ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தார். 'உங்கள் ஆர்வங்களின் அடிப்படையில்' என்று வந்தது.

ஆர்வமாம்! போனை வாய்க்காலில் எறியக் கை ஓங்கியவர், மகன் வாங்கிக் கொடுத்தது என்பதால் எறியாமல் நின்றார்.

மறுநாள் கூத்தாநல்லூரில் பர்வின் நடத்தும் ஆன்லைன் சென்டருக்குப் போனார். பட்டா, சிட்டா, பாஸ்போர்ட் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் படிவம் போட்டுத்தருகிற பெண். விஷயம் அவளுக்கும் தெரியும். தெரியாத காது ஏது?

"பாப்பா, இது எப்படிம்மா தெரிஞ்சிச்சு அவனுங்களுக்கு? வயக்காட்டுல உக்காந்து கேட்டேன்மா."

பர்வின் போனை வாங்கிப் பார்த்தாள். "மாமா, நீங்க ஒரு கடைக்குப் போறீங்க. நீங்க திரும்பி வர்றப்ப உங்க சட்டைப் பையில உங்களுக்குத் தெரியாம ஒரு சீட்டப் போட்டு அனுப்புறான்னு வச்சுக்குங்க. இந்த ஆளு இன்னது கேட்டாரு, இவ்வளவு நேரம் நின்னாருன்னு அதுல எழுதியிருக்கும். அடுத்தாப்ல நீங்க எந்தக் கடையில ஏறினாலும் அவன் அந்தச் சீட்டப் படிச்சிட்டுத்தான் உங்கள்ட்டப் பேசுவான். அதுதான் குக்கி."

"நான் எப்பம்மா போடச் சொன்னேன்?"

"பச்சைய அழுத்துனீங்கல்ல."

தியாகராசன் தலையில் கைவைத்துக்கொண்டார். "படிவம் வேற போட்டேன்."

"அது இன்னும் மோசம் மாமா. அத ஒருத்தன்ட்ட வாங்கி இன்னொருத்தன்ட்ட வித்துக்கிட்டே போவானுங்க. லேகியக்காரன் வரைக்கும் போயிருக்கும்."

"அவன் எந்த ஊர்ல இருக்கான்? சொல்லு, நேராப் போயி கால்ல வேணாலும் விழறேன். பஸ்சு போவுமா?"

பர்வினுக்குச் சிரிப்பும் வரவில்லை. "அவனுக்கு ஊரே கிடையாது மாமா. புகார் எழுதிப் போடலாம், சட்டமெல்லாம் இருக்கு. நான் வேணா இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன். பதில் வர்றதுக்குள்ள..." என்று சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

உட்கார்ந்து அரை மணி நேரம் போனைத் துடைத்தாள். தேடியதை எல்லாம் அழித்தாள், குக்கீயை அழித்தாள், விளம்பரத்துக்கு எங்கெங்கோ தடை போட்டாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதே கூகிள் கணக்கு வேற எந்த போன்லயாச்சும் போட்டிருக்கா மாமா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஏதும்மா வேற போனு?" என்றார் தியாகராசன்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. சிங்கப்பூர் போவதற்கு முந்தின வாரம் பரணிதரன் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு போன் வாங்கினான். ரெண்டு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குத் திறந்தால் கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் பாதி ராத்திரியில் தனக்குப் போன் அடிப்பார்கள் என்று, தன் கணக்கையே இரண்டிலும் போட்டுவிட்டுப் போனான். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு. தியாகராசன் பம்புசெட் பக்கம் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆனந்தவல்லியின் அடுப்படியில் பதில் வந்துகொண்டிருந்தது. அவருக்கோ அவள் தினம் அந்தப் போனில் கோலம் பார்க்கிறாள் என்ற நினைப்பு.

அந்த வாரத்திலேயே வீட்டில் ஏதோ மாறிற்று. அவர் தட்டில் ரெண்டு முட்டை விழ ஆரம்பித்தது. காலையில் கேட்காமலேயே பால் வந்தது. வயலுக்குக் கிளம்பினால், "மழையில நனையாதீங்க, ஆளு விட்டுப் பாத்துக்கலாம்" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் சொல்லாத வார்த்தை. அவர் சத்தமாகப் பேசினால் மைக்கை அணைக்கச் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "எறங்கலீங்க, வயித்துப்புண்ணுல்ல" என்றாள். மத்தியானம் ஒரு வேளை மோர், சில நாள் அதுவும் இல்லை. விடியற்காலையில் ஈரப்புடவையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து மூச்சு வாங்க உட்காருவாள். "இந்த உடம்புல இதெல்லாம் எதுக்குடி?" என்றால், "ஒரு வேண்டுதல்" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள்.

 சாப்பாடு நின்றுவிட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது வந்துவிட்டது என்றே தியாகராசன் நினைத்தார். பகலெல்லாம் வயலில் தண்ணீர் வடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். பன்னிரண்டு நாளில் அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை மாத்திரை வாங்கப் போனவரை அப்துல் ஜலீல் பாய் கடைக்குள்ளே கூப்பிட்டார். கதவை ஒருக்களித்தார். கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணே, நான் ஒருத்தருக்குக் குடுத்த வாக்க இப்ப முறிக்கப் போறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். அண்ணி போன வாரம் இங்க வந்தாங்க. தனியா, ஆட்டோ புடிச்சு."

"எதுக்கு?"

"'அவருக்கு எத்தன நாளு பாய்'னு கேட்டாங்க."

தியாகராசனுக்குப் புரியவில்லை. "எவருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ஜலீல் பாய் சொன்னார். கோலம் பார்க்கும்போதெல்லாம் ஆனந்தவல்லியின் போனில் அந்த விளம்பரங்கள் வந்திருக்கின்றன. முதலில் அவள் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு நாள் தியாகராசன் குளிக்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்திருக்கிறது. எடுத்தால் ஒரு பெண்: 'பேஷண்ட் தியாகராசன் சார் வீடுங்களா? ஃபார்ம் போட்டிருந்தாரு. கணையம், நாலாவது ஸ்டேஜ்னு இருக்கு. நீங்க ஒய்ஃபுங்களா மேடம்? லேட் பண்ணாதீங்க, இந்த மாசம் ஆஃபர் இருக்கு.' பன்னிரண்டு நாளைக்கு முன்னால்.

"அதோட எல்லாத்தையும் சேர்த்துப் பாத்திருக்காங்க அண்ணே. நீங்க போன மறைச்சு மறைச்சு வச்சது, வயல்ல உக்காந்து அழுதது, இவங்க போனா ஊர்ல எல்லாரும் பேச்ச நிறுத்துறது. 'எம் புருசனுக்கு இவ்வளவு பெரிய நோயி, எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஊரே சேந்து மறைக்குது பாய்'னு அழுதாங்க. தெரிஞ்சிக்கிட்டது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நான் என்னன்னு சொல்றது? அவருக்கில்ல, உங்களுக்குத்தான்னு அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா? நேத்து ஆள் விட்டு அனுப்பியிருக்காங்க. 'என் மாத்திரைய நிறுத்துங்க, அவரப் பாருங்க'ன்னு. பட்டினி கெடக்குறது வேண்டுதலாம் அண்ணே. உங்க உசுருக்காக. நாப்பத்தெட்டு நாளு."

தியாகராசன் எழுந்து வெளியே வந்தார். பேருந்துக்கு நிற்கவில்லை. மூன்று கிலோமீட்டரையும் நடந்தே போனார். நடக்க நடக்க ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: எதைத் தடுக்க அவளிடம் பொய் சொன்னேனோ அதையே என் பெயரை எழுதிக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டேன். சொன்னால் பயந்து சாப்பிட மாட்டாள். சொல்லாவிட்டால் எனக்காகச் சாப்பிட மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் அவள் வயிறுதான் காய்கிறது. ஐயோ, அந்தக் கட்டத்தில் அவள் பெயரையே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம். அவருக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுக் கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ஆனந்தவல்லி.

"வல்லி, நீ நெனைக்கிற மாதிரி இல்ல. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் நின்றபடியே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாய் சொல்லிட்டாரா?"

"அது தப்பா வந்த போனு. வேற ஆளுக்குப் போட்ட ஃபாரம்."

"எந்த ஆளுக்கு?"

"நம்ம... டீக்கடை மதிவாணனுக்கு."

"மதிவாணன் அண்ணனுக்கு எதுக்கு உங்க பேரு, உங்க நம்பரு?" அவள் குரலில் சக்தி இல்லை, ஆனாலும் பழைய ஆனந்தவல்லிதான். "உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. எப்பவும் வராது. எங்கிட்டச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"சத்தியமா எனக்கில்ல."

"என் தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

குனிந்து அவள் தலையில் கை வைத்தார். எண்ணெய் காணாத தலை சுட்டது. "எனக்கு இல்ல. உன்மேல சத்தியமா எனக்கு எந்த நோயும் இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். "அப்ப யாருக்கு?" என்றாள்.

 அவருக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. வாய் திறந்தார், ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ, காற்றுதான் வந்தது.

"யாருக்குங்க?"

"உனக்குத்தான் வல்லி" என்றார். "உன் பேர எழுத மனசு வரல. அதான் என் பேரப் போட்டேன். உனக்குத்தான்டி. கடைசிக்கு வந்துருச்சுன்னுட்டாங்க."

சொல்லிவிட்டார். ஊரும் உறவும் மருந்துக்கடையும் பேருந்து நடத்துனரும் இரண்டு மாதமாய்க் கட்டிக் காத்ததைக் கடைசியில் அவர் வாயே சொல்லிவிட்டது. அவள் இனி என்ன ஆவாளோ என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆனந்தவல்லி வாசலைப் பார்த்தாள். வாசலில் எவரோ சைக்கிளில் போனார்கள். பிறகு, "உங்களுக்கு இல்லையே?" என்றாள்.

"இல்ல."

"நல்லாத் தெரியுமா? டாக்டர் உங்களையும் பாத்தாரா?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல வல்லி."

"அப்பாடா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். இத்தனை நாள் இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. "மாரியாத்தா, என் வயித்துல பால வார்த்தே." அப்புறம் அவருடைய தோளில் பலமில்லாத ஒரு அடி வைத்தாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? உங்களுக்குன்னு நெனச்சு நான் செத்துச் செத்துப் பொழச்சேனே. எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது. இந்த மனுசன் நாளைக்கு இருப்பாரான்னு படுத்துக்கெடந்தனே, அதாங்க நோயி."

தியாகராசனால் நிமிர முடியவில்லை.

"பசிக்குதுங்க" என்றாள். "சோறு போடுங்க."

எழுந்து ஓடினார். சோற்றைத் தட்டில் போட்டு, குழைய மசித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தார். கண்ணீர் தட்டில் விழாமல் தோளால் துடைத்துக்கொண்டார். "அழுவாதீங்க, குடுங்க" என்று அவளே வாங்கினாள். அவசர அவசரமாய் ஒரு கவளம் வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கப் பார்த்தாள். போகவில்லை. தண்ணீர் குடித்தாள், தண்ணீரோடு எல்லாம் வெளியே வந்தது.

"மெதுவா, மெதுவா" என்று அவர் முதுகைத் தடவினார். மறுபடி எடுத்தாள், சின்னதாக. அதுவும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை அவர் கஞ்சியைப் போலக் கரைத்து ஸ்பூனில் ஊட்டினார். வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. விழுங்கவேண்டும் என்று எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. கடைசியில் தட்டின் ஓரத்தில் துப்பிவிட்டு, தப்புச் செய்துவிட்டவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

"நெசமாவே பசிக்குதுங்க. ஆனா எறங்க மாட்டேங்குது."

"எறங்கும் வல்லி. கொஞ்சம் கழிச்சுப் பாப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, குறையாகச் சொல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பன்னண்டு நாளைக்கு முன்னாடி நல்லா எறங்கிச்சுங்க."